ஊதாக் கிழங்கும் ஒரு டப்பா பொடியும்

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியல. இன்னிக்கு எழுதறது பாக்க சமையல் குறிப்பு மாதிரி இருக்கும். ஆனா இது ஒரு பஞ்சாயத்து. முழுசா படிச்சுட்டு சொம்பைத் தூக்குங்க :-)

பிரச்சனைக்குரிய ஐட்டம் பேரு உபே ஹலாயா. பிலிப்பைன்ஸ் நாட்டு ஊதாக் கிழங்கு ஜாம். உபேன்னா அவங்க ஊர்ல அந்தக் கிழங்கோட பேரு. ஹலாயாங்கிறது ஸ்பானிஷ்ல ஜெல்லிக்குச் சொல்ற வார்த்தைல இருந்து வந்தது. முன்னூறு வருஷத்துக்கு மேல ஸ்பெயின்காரன் ஆண்ட நாடாச்சே. கிழங்கை வேக வெச்சு மசிச்சு, தேங்காப்பால், பால், சர்க்கரை, வெண்ணெய் எல்லாம் போட்டு அல்வா மாதிரி கிண்டி எடுப்பாங்க. அப்படியே தின்னலாம், ரொட்டில தடவலாம், ஐஸ் போட்ட ஹாலோ-ஹாலோ மேல ஒரு கரண்டி வைக்கலாம். கலர் மட்டும் நம்ம ஊரு கல்யாணப் பந்தல் சீரியல் லைட் மாதிரி சும்மா தகதகன்னு இருக்கும்.

இப்ப இது பெங்களூரு காபிக் கடை வரைக்கும் வந்தாச்சு. உபே லாட்டே, உபே கேக்னு பலகைல எழுதி வெக்கிறாங்க. எங்க வீட்டுத் தங்கமணி அதைப் பாத்துட்டு, வீட்லயே செய்யலாம்னு ஆன்லைன்ல ஒரு டப்பா "உபே பொடி" வாங்கினாங்க. டப்பாவைத் திருப்பிப் பாத்தேன். பொட்டி தட்டுறவனுக்கு பொடி எழுத்து படிக்கிற வியாதி உண்டு. முதல்ல சர்க்கரை. அப்புறம் மால்டோடெக்ஸ்ட்ரின். அப்புறம் மணத்துக்கு என்னமோ. கடைசில நிறமி 122, 133. அதாவது கார்மோசின் சிவப்பும் பிரில்லியன்ட் ப்ளூவும். சிவப்பும் நீலமும் சேந்தா ஊதா, ஒண்ணாங்கிளாஸ் டிராயிங் பாடம். எடை அதிகமா இருக்கிற பொருளை முதல்ல எழுதணுங்கிறது லேபிள் விதி. இதுல கிழங்கு முதல்லயும் இல்ல, நடுவுலயும் இல்ல, கடைசிலயும் இல்ல. அவ்வ்வ்வ்...

அப்ப நாகர்கோவில்ல இருந்து அம்மா வந்திருந்தாங்க. டப்பாவை மோந்து பாத்துட்டு, "இது என்ன மக்கா, சாயப்பொடி மாதிரி இருக்கு?"ன்னாங்க. செல்போன்ல ஒரு பிலிப்பைன்ஸ் அம்மா கிழங்கு துருவற வீடியோவைக் காமிச்சேன். ரெண்டு நிமிஷம் உத்துப் பாத்தாங்க.

"இது நம்ம காச்சில்லா? நீலக் காச்சில். உங்க பாட்டி வீட்டு மாமரத்துல கொடி ஏறிக் கிடக்குமே. பொங்கலுக்குத் தோண்டுவோம்லா. மறந்துட்டியா?"

மறந்துட்டேன். அதான் உண்மை. வேக வெச்ச காச்சிலும் காந்தாரி மிளகாத் துவையலும் கட்டன் சாயாவும் தின்னது நாக்குக்கு ஞாபகம் இருக்கு. ஆனா அந்தக் கிழங்கும் கடைப் பலகைல இருக்கிற உபேயும் ஒரே செடிங்கிறது, அதுக்கு 450 ரூபா குடுத்து டப்பா வாங்கற வரைக்கும் தெரியல. தாவரவியல் பேரு டயாஸ்கோரியா அலாட்டா. அலாட்டான்னா ரெக்கை உள்ளதுன்னு அர்த்தம். அந்தக் கொடியோட தண்டுல நாலு பக்கமும் ரெக்கை மாதிரி விளிம்பு ஓடும். தமிழ்ல பெருவள்ளி, ராசவள்ளி, எங்க பக்கம் காச்சில்.

என் கட்சியை இங்கயே சொல்லிடறேன். உபே ஹலாயா வீட்ல செய்யுங்க, தாராளமா. ஆனா டப்பால செய்யாதீங்க, கிழங்குல செய்யுங்க. செஞ்சுட்டு அந்தக் கிழங்கோட தலையைக் குப்பைல போடாதீங்க. ஏன்னு கீழ வருது.

மறுநாளே ஓசூர் உழவர் சந்தைக்குப் போனேன். பொங்கலுக்கு மூணு நாள் முன்னாடி. சேனை இருக்கு, சேப்பங்கிழங்கு இருக்கு, சர்க்கரைவள்ளி மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு. இது இல்ல. கடைசில எங்க மூக்கண்டப்பள்ளி ரோட்டோரத்துல சாக்கு விரிச்சு உக்காந்திருந்த ஒரு அவ்வாகிட்ட இருந்துச்சு. யானைக் கால் மாதிரி, மண்ணு ஒட்டின, கருப்பா, கோணல்மாணலா நாலே நாலு கிழங்கு. "பெண்டலம்"னாங்க தெலுங்குல. பக்கத்துல கீரை வாங்கிட்டிருந்த கன்னடக்கார அம்மா "ஹெக்கெணசு"ன்னாங்க. சிப்காட்ல ஷிப்ட் முடிச்சுட்டு வந்த ஒடிசாப் பையன் ஒருத்தன் பாத்துட்டு முகமெல்லாம் சிரிப்பா "கம்ப ஆலு!"ன்னான். நான் காச்சில்னேன். ஒரே சாக்கு, நாலு பேரு, நாலு பாஷை. எல்லாருக்கும் அதுல ஒரு வீடு ஞாபகம் இருக்கு. ஆனா வாங்கினது நான் மட்டும்தான்.

"ரெண்டு நாளா வெச்சிருக்கேன் சாமி, நீதான் மொத ஆளு. அடுத்த வருசம் போட மாட்டேன்"னாங்க அவ்வா.

இந்த ஒரு வரிதான் இந்தப் பதிவு எழுதவே காரணம். அதுக்கு அப்புறம் வரேன். முதல்ல சமையலை முடிச்சுடுவோம், இல்லேன்னா அடிக்க வருவீங்க.

கிழங்கு வாங்கும்போது கடைக்காரங்களை ஒரு கீறல் போட்டுக் காட்டச் சொல்லுங்க. வெளிய பாத்து உள்ள என்ன கலர்னு கண்டுபிடிக்க முடியாது. சிலது வெள்ளை, சிலது தோலுக்கு அடில மட்டும் ஊதா, சிலதுதான் உள்ள வரைக்கும் ஊதா. பச்சையா நறுக்கினா கை அரிக்கும், அதனால கைல எண்ணெய் தடவிக்கணும். இல்லேன்னா என்னை மாதிரி தோலோடயே துண்டு போட்டு குக்கர்ல அஞ்சு விசில் விட்டு, ஆறினதும் தோலை உரிங்க. நல்லா வேகணும், பச்சையா திங்கற கிழங்கு இல்ல இது.

இங்க ஒரு பல்பு வாங்கினேன். முதல் தடவை எங்க வீட்டு போர் தண்ணிலயே துண்டுகளை வேக வெச்சேன். உப்பும் சுண்ணாம்புமா வர்ற தண்ணி, பக்கெட்டெல்லாம் வெள்ளைப் பூத்துக் கிடக்கும். திறந்து பாத்தா கிழங்கு ஊதாவா இல்ல, சிமெண்ட் மாதிரி ஒரு சாம்பல் நீலம். அம்மா "செத்துப்போச்சு"ன்னுட்டாங்க. சாகல. இந்த ஊதாவுக்குக் காரணம் ஆந்தோசயனின். நாவல் பழத்துலயும் சிவப்பு முட்டைக்கோஸ்லயும் இருக்கிற அதே வகையறா. காரம் பட்டா நீலம் பச்சைனு ஓடும், புளிப்பு பட்டா திரும்ப சிவப்புப் பக்கம் வரும். பிளஸ் டூ லேப்ல லிட்மஸ் பேப்பர் பண்ற வேலைதான். அரை மூடி எலுமிச்சை பிழிஞ்சேன். கண்ணு முன்னாடியே கலர் திரும்ப வந்துச்சு. அம்மாவுக்கு அன்னிக்குத்தான் பையன் படிச்ச படிப்பு மேல நம்பிக்கை வந்துச்சுன்னு நினைக்கிறேன் :-) அடுத்த தடவை கேன் தண்ணில வேக வெச்சேன், எலுமிச்சையே தேவைப்படல. ஆப்பசோடா மட்டும் மறந்தும் போட்டுடாதீங்க.

அளவு: உரிச்ச கிழங்கு முக்கா கிலோ. ரெண்டு தேங்காயோட கெட்டிப் பால். சர்க்கரை கால் கிலோ. மில்க்மெய்ட் பாதி டப்பா. வெண்ணெய் நூறு கிராம். உப்பு ஒரு சிட்டிகை. கிழங்கைத் துருவி, கட்டி இல்லாம மசிச்சுக்கோங்க. அடிகனமான உருளில வெண்ணெயை உருக்கி எல்லாத்தையும் சேத்து, சின்னத் தீயில கிண்ட ஆரம்பிங்க. முக்கா மணி நேரம். நடுவுல போனைப் பாத்தா அடிப்பிடிக்கும். முதல்ல கூழா இருக்கும், அப்புறம் வெடிச்சு வெடிச்சு கைல தெறிக்கும், அப்புறம் ஓரத்தை விட்டுட்டு ஒரே உருண்டையா கரண்டி கூடவே சுத்தி வரும். அல்வாப் பதம். தேங்காண்ணெய் தடவின கிண்ணத்துல கொட்டி ஆறவிடுங்க. ஜாம்னு பேரு இருக்கேன்னு அலமாரில வெச்சுடாதீங்க. மாம்பழ ஜாம் மாதிரி சர்க்கரையும் புளிப்பும் காப்பாத்தற சரக்கு இல்ல இது, தேங்காப்பால் இருக்கு. ஃபிரிட்ஜ்ல ஒரு வாரம், அவ்ளோதான். எங்க வீட்ல ரெண்டு நாள் கூடத் தாங்கல.

ருசி? சும்மா சொல்லக்கூடாது. ரொம்ப மென்மையான ருசி. லேசா வேர்க்கடலை, லேசா பால்கோவா வாசனை. அந்த டப்பாப் பொடியோட செண்ட் வாசனைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

போட்டோ எடுத்து எங்க டீம்ல டொராண்டோவுல இருக்கிற யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தருக்கு அனுப்பினேன். பெருமையா "பிலிப்பைன்ஸ் ஐட்டம்"னு வேற போட்டேன். உடனே கால் வந்துச்சு. "தம்பி, இது ராசவள்ளிக்கிழங்கெல்லோ! எங்கட அம்மம்மா பின்னேரத்தில கஞ்சி காய்ச்சித் தருவா. கிழங்கை அவிச்சு அகப்பையால மசிச்சு, தேங்காப்பாலும் சீனியும் விட்டா முடிஞ்சுது. நீங்கள் என்ன புதுசா கண்டுபிடிச்ச மாதிரிச் சொல்லுறியள்?" அவங்க அங்க ஆசியக் கடைல உறைய வெச்ச துருவல் வாங்கி இப்பவும் அதே கஞ்சி காய்ச்சறாங்களாம். பாக்கெட் மேல போட்டிருக்கிறது உபே, வீட்டுக்குள்ள பேரு ராசவள்ளி.

யோசிச்சுப் பாருங்க. யாழ்ப்பாணத்துக் கஞ்சில இன்னும் கொஞ்ச நேரம் அடுப்பு எரிஞ்சா, வெண்ணெய் சேந்தா, அதுதான் ஹலாயா. ரெண்டும் அண்ணன் தம்பி.

இப்ப உங்கள்ல சில பேரு கை பரபரக்கும். "பாத்தியா, எல்லாம் நம்மகிட்ட இருந்து போனதுதான், வெள்ளைக்காரன் பேரு வெச்சாத்தான் தின்பியா"ன்னு கும்ம ரெடியா இருப்பீங்க. கொஞ்சம் பொறுங்க. அந்தக் கட்சியிலயும் நான் இல்ல.

ஒண்ணு, இந்தச் செடி நம்ம தனிச் சொத்து கிடையாது. தென்கிழக்கு ஆசியா, பசிபிக் தீவுகள் பக்கம்தான் இதை மனுஷன் முதல்ல பயிராக்கினான்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. பிலிப்பைன்ஸ்காரங்க நம்மளைவிட அதுக்குக் கிட்டத்துச் சொந்தம்.

ரெண்டு, வள்ளிங்கிற பேரையே நாம எப்படி விட்டோம்னு பாருங்க. கபிலர் பறம்பு மலையைப் பத்தி பாடும்போது உழாமலே கிடைக்கிற நாலு விளைச்சல்ல ஒண்ணா வள்ளிக்கிழங்கைச் சொல்றார், புறநானூறுல இருக்கு. முருகனோட வள்ளிக்கு அந்தப் பேரு வந்ததே வள்ளிக்கிழங்கு தோண்டின குழில கிடைச்ச குழந்தைங்கிறதாலதான்னு கந்தபுராணக் கதை. அது எந்தக் காட்டு வள்ளியோ, ஆனா கண்டிப்பா சர்க்கரைவள்ளியும் இல்ல, மரவள்ளியும் இல்ல. அது ரெண்டும் அமெரிக்கக் கண்டத்துச் செடிங்க, ஐரோப்பியக் கப்பல்கள் வந்த பிறகுதான் இங்க வந்ததுங்க. வந்த விருந்தாளிக்கு வீட்டுக்காரர் பேரையே குடுத்துட்டோம். இன்னிக்கு வள்ளிக்கிழங்குன்னு சொன்னா கடைக்காரர் சர்க்கரைவள்ளியைத்தான் எடுத்துத் தராரு. அசல் வள்ளியைக் கேக்கணும்னா "யானைக்கால் மாதிரி இருக்குமே"ன்னு ஆக்‌ஷன் பண்ணிக் காட்ட வேண்டியிருக்கு.

இதுல விருந்தாளி மேல தப்பே இல்ல. மரவள்ளி ஏன் நிக்குது? சேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலைங்க வாங்குது, 1981ல இருந்து சேகோசர்வ்னு கூட்டுறவுச் சங்கமே இருக்கு. எங்க கிருஷ்ணகிரி மாவட்டத்துல தோத்தாபுரி மாமரம் இவ்ளோ நிக்குதே, ஏன்? மாம்பழக்கூழ் ஆலைங்க வாங்குது. கேக்க ஆள் இருக்கிற பயிர் நிக்கும். ராசவள்ளிக்கு ஆலையும் இல்ல, சங்கமும் இல்ல, பலகாரக் கடைல ஒரு பேரும் இல்ல. நாலு வீட்டு அடுப்புதான் அதோட மொத்த மார்க்கெட்டு. அந்த நாலு வீடும் விட்டுட்டா?

இங்கதான் அவ்வா சொன்ன வரி. "அடுத்த வருசம் போட மாட்டேன்." நெல்லு, கேழ்வரகுன்னா விதையைக் காயவெச்சு அடுக்குப் பானைல வெக்கலாம், ரெண்டு வருஷம் கழிச்சுக் கூட நினைப்பு வந்தா விதைக்கலாம். இந்தக் கிழங்குல நம்பி எடுத்து வெக்கிற மாதிரி விதை பிடிக்கறது அபூர்வம். கிழங்கையே வெட்டி நட்டாத்தான் அடுத்த செடி. அதுவும் சும்மா இல்ல, ஒரு குழிக்கு கால் கிலோவுக்குக் குறையாத துண்டு வேணும். அதாவது திங்கற பங்குல ஒரு பங்கை வருஷா வருஷம் மண்ணுக்குத் திருப்பிக் குடுத்தாத்தான் அது அடுத்த பொங்கலுக்கு இருக்கும். ஒரு வருஷம் யாரும் நடலேன்னா அந்த ஊர்ல அந்த ரகம் காலி. எங்க பாட்டி வீட்டு மாமரத்தடில அப்படித்தான் ஆச்சு. பாட்டி போனாங்க, அந்த வருஷம் யாரும் நடல, அவ்ளோதான். யாரும் எதையும் அழிக்கல. சும்மா இருந்தோம், அது போயிடுச்சு.

திருவனந்தபுரத்துல 1963ல ஆரம்பிச்ச மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. அங்க இந்தப் பெருவள்ளில ஸ்ரீ கீர்த்தி, ஸ்ரீ ரூபா மாதிரி ரகமெல்லாம் வெளியிட்டிருக்காங்க. நல்ல வேலை. ஆனா ஆராய்ச்சி நிலையம் எல்லா ஊரு மாமரத்தடியையும் காப்பாத்த முடியாது.

பிலிப்பைன்ஸ்காரங்ககிட்ட நான் கத்துக்கணும்னு நினைக்கிறது இதைத்தான். அவங்க இந்தக் கிழங்குக்கு ஒரு பலகாரத்தைக் குடுத்து, அந்தப் பலகாரத்துக்கு ஒரு பேரைக் குடுத்து, அந்தப் பேருக்கு ஒரு ஊரையும் குடுத்துட்டாங்க. பாகியோன்னு ஒரு மலை ஊரு, நம்ம ஊட்டி மாதிரி. அங்க குட் ஷெப்பர்ட் கன்னியர் மடத்து உபே ஜாமை வாங்காம எந்த டூரிஸ்டும் திரும்ப மாட்டான். நம்ம திருநெல்வேலி அல்வா மாதிரி. அதுல வர்ற காசுல மலைப்பகுதிப் பிள்ளைங்களைப் படிக்க வெக்கிறாங்க. 2021ல அந்த மடத்துக்கு ஊதாக் கிழங்கு போதுமான அளவு கிடைக்கல. என்ன பண்ணாங்க தெரியுமா? சாயத்தை ஊத்தல. கிடைச்ச வெள்ளைக் கிழங்குலயே ஜாம் போட்டு, இது வெள்ளை உபே ஜாம்னு சொல்லியே வித்தாங்க. அதே நாட்டு பேக்கரிலயும் சாயமும் எசன்சும் ஓடுது, அது வேற விஷயம். ஆனா கிழங்கு இல்லேன்னா இல்லைன்னு சொல்ற ஒரு இடம் அங்க இருக்கு. அப்படிச் சொன்னாத்தான் கிழங்குக்குத் தட்டுப்பாடுன்னு நாலு பேருக்குத் தெரியும், நாலு பேரு நடுவான். டப்பாப் பொடி அந்தச் செய்தியை நமக்கு வரவிடாது. உலகத்துல ஒரு ராசவள்ளிக் கொடி கூட இல்லாமப் போனாலும் அந்த டப்பா அதே ஊதால வந்துட்டே இருக்கும். எனக்கு டப்பா மேல உள்ள கோவம் இதுக்குத்தான், ஆரோக்கியம் அது இதுன்னு பேச வரல.

அதனால காபிக் கடைல உபே குடிக்கிற பசங்களைக் கிண்டல் பண்ணாதீங்க. அந்தப் பலகை இல்லேன்னா நானே அம்மாகிட்ட கேட்டிருக்க மாட்டேன். எந்தப் பேர்ல வேணா கூப்பிடுங்க, உபேயோ காச்சிலோ ராசவள்ளியோ. உள்ள கிழங்கு இருக்கான்னு மட்டும் கேளுங்க.

நான் என்ன பண்ணேன்னு சொல்லிட்டு முடிக்கிறேன். அவ்வாகிட்ட இருந்த நாலையும் வாங்கிட்டேன், கிலோ 80 ரூபா. மூணு உருளிக்குள்ள போச்சு. நாலாவதையும், மத்த மூணோட தலைத்துண்டையும் அடுப்புச் சாம்பல்ல புரட்டி கட்டிலுக்கு அடில சாக்கு மேல போட்டு வெச்சோம். அறுவடை ஆன கிழங்கு ரெண்டு மூணு மாசம் தூங்கும், அவசரப்படக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டுப் போனாங்க. சித்திரைல தலைத்துண்டுல மூக்கு மாதிரி ஒரு முளை வந்துச்சு. மொட்டை மாடில நாலு சிமெண்ட் சாக்குல மண்ணும் சாணியும் ரொப்பி நட்டேன். இப்ப கொடி ஹவுஸ் ஓனரோட டிஷ் கம்பில ஏறி நிக்குது. அவரு ரெண்டு தடவை முறைச்சாரு. பொங்கலுக்கு ஒரு கிண்ணம் ஜாம் தரேன்னு ஒப்பந்தம் போட்டிருக்கேன்.

நாலாவது கிழங்குல பாதியை அவ்வாகிட்டயே கொண்டு போய்க் குடுத்தேன். "எதுக்கு சாமி?"ன்னாங்க. "நட்டு வைங்க, தையில நானே வாங்கிக்கறேன், மொத்தமும்"னேன். சிரிச்சாங்க. சாக்குக்கு அடில எடுத்து வெச்சுக்கிட்டாங்க. நட்டாங்களான்னு தைல தெரியும்.

டிஸ்கி: டப்பாப் பொடி இன்னும் அலமாரில முக்கால்வாசி இருக்கு. ஹோலிக்கு வெச்சுக்கலாமான்னு தங்கமணி கேக்கறாங்க. நான் ஒண்ணும் சொல்லல :-)